யாரோ நினைக்கிறாக

அந்தா, லிப்டுக்குப் பக்கத்துல பச்சைச் சுடிதார் போட்டுக்கிட்டு செக்யூரிட்டிகிட்டப் பேசிக்கிட்டு நிக்கிறாளே, அவதான் தாயி என் மக. கழுத்துல பாஸைத் தொங்கவிட்டிருக்கா பாரு. உள்ள ஐசியூவுல கிடக்கிறது என் புருசன், அவளைப் பெத்த அப்பன். ஒரு சீக்காளிக்கு ஒரு பாஸுதானாம் இங்க. அதை அவ வாங்கி மாட்டிக்கிட்டா. கட்டுன பொண்டாட்டி நான் வெளியில உக்காந்திருக்கேன். குடுடீன்னு கேட்டுப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், வஞ்சும் பார்த்தேன். "நீ இரும்மா, நான் பார்த்துக்கிறேன்"ங்கிறா. குளிக்கப் போகையிலகூட அதைக் கழட்ட மாட்டேங்கிறா தாயி. பெத்த மகளே இப்படிப் பண்ணா நான் யாருகிட்டப் போயிச் சொல்ல?

உக்காரு, நிக்காத. அந்த நாற்காலி ஆடும், சுவத்துப் பக்கமா சாஞ்சுக்கோ. உனக்கு யாரு உள்ள? வீட்டுக்காரரா? பைக்குல போயி விழுந்தாரா... அடக் கடவுளே. அழாத. வயசுப் பிள்ளை, எந்திரிச்சிருவாரு. எந்தக் கட்டிலு? சன்னல் ஓரமா? அட, அதுக்கு அடுத்த கட்டில்தான் எங்க அவுக! தலையில கட்டு, வெள்ளை மீசை, முழங்கை வரைக்கும் எண்ணெய் தெறிச்ச தழும்பா இருக்கும். பார்த்தியா? கண்ணு திறந்திருந்துச்சா? உதடு எப்படி இருந்துச்சு? வெடிச்சுப் போயி இருந்துச்சா? கவனிக்கலையா. ம். நீ உன் புருசனைப் பார்ப்பியா, என் புருசன் உதட்டைப் பார்ப்பியா. அடுத்த தடவை போகையில கொஞ்சம் பாரு தாயி. அதுக்குத்தான் கேக்குறேன்.

எங்களுக்கு அருப்புக்கோட்டை. சமையல்காரர் சங்கையான்னு சுத்துப்பட்டியில கேட்டுப் பாரு, தெரியாத ஆளு இருக்காது. அவுக ஆக்காத கல்யாணம் கிடையாது. சாம்பாரை உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தாகன்னா, இன்னும் ரெண்டு கை உப்பு போடுன்னு சொல்லிருவாக. அப்படி நாக்கு. அந்த நாக்குக்கு இப்ப மூக்கு வழியாக் குழாய் விட்டு, என்னமோ ஒரு மாவைக் கரைச்சு ஊத்துறாக. ருசியும் தெரியாது, சூடும் தெரியாது. 

எங்களுக்கு இவ ஒரே மக. மங்கையர்க்கரசின்னு பேரு வச்சோம். அவுக வாயில அது முழுசா வந்ததே இல்லை. அரசிம்பாக, அதுவும் போயி அரிசின்னு ஆயிருச்சு. "ஏ அரிசி, பள்ளிக்கூடம் போகலை?" "அரிசி, இந்த அப்பளத்தைத் தின்னு பாரு." சமையல்காரன் மகளுக்கு வேற என்ன பேரு பொருந்தும்? பந்தியில எல்லாரும் சாப்பிடுறதுக்கு முந்தி இவளுக்குத்தான் முதல் வடை. நான் வைவேன், கேக்க மாட்டாக.

வேலைக்குக் கோயம்புத்தூருக்கு அனுப்புனோம். அங்க ஒரு பையனைப் பிடிச்சுக்கிட்டா. வேத்துச் சாதி. ரிஜிஸ்டர் ஆபீசுல மாலையை மாத்திட்டு போனைப் போட்டு, "அப்பா, ஆசீர்வாதம் பண்ணுங்க"ங்கிறா. அவுக போனை என் கையில குடுத்துட்டுப் போயி, கொல்லையில கழுவி வச்சிருந்த அண்டாவையெல்லாம் திரும்பவும் தேய்ச்சாக. எல்லாரும் சாதியைத்தான் சொல்லுவாக. நான் சொல்றேன் தாயி, அவுகளுக்கு அதுகூடப் பெருசில்லை. ஊரு உலகத்துப் பிள்ளைக கல்யாணத்துக்கெல்லாம் அடுப்பு மூட்டுன மனுசன், தன் பிள்ளை கல்யாணத்துக்கு ஒரு விறகைப் பத்த வைக்க முடியலை. அதுதான். அன்னைக்குச் சொன்னாக, "நான் செத்தாலும் அவளுக்குச் சொல்லி விடாத. அவ கையால ஒரு வாய்த் தண்ணி எனக்கு வேண்டாம்."

அதுக்கப்புறம் வீட்டுல அவ பேரையே எடுக்கிறதில்லை. பேரு என்ன, அரிசிங்கிற வார்த்தையையே விட்டுட்டாக! நம்பு தாயி. கடையில போயி "பொன்னி ரெண்டு மூட்டை"ம்பாக. உலை கொதிச்சா "போட்டாச்சா?"ம்பாக. என்னத்தைப் போட்டாச்சான்னு சொல்ல மாட்டாக. ஒரு சமையல்காரரு அரிசிங்காமலே இத்தனை வருசம் ஆக்கிப் போட்டிருக்காக. எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

இந்தத் தை மாசம் ஒரு கல்யாண வீட்டுல பாயசம் கிண்டிக்கிட்டு இருந்தவுக, துடுப்போட அப்படியே சாஞ்சுட்டாக. மூளையில ரத்தம் கசிஞ்சிருச்சுன்னு மதுரைக்குக் கொண்டுவந்து, மண்டையைத் திறந்து, மெஷின்ல போட்டு, வாயில குழாயை விட்டாக. மகளுக்குச் சொல்லலையான்னு சொந்தக்காரங்க கேட்டாக. நான் சொல்லலை. நல்லா இருக்கையிலேயே அவுக பேச்சை மீறுனவ இல்லை நான். நினைவு தப்பிக் கிடக்கையில மீறுவேனா?

அப்புறம் நினைவு வந்துச்சு. வாயில இருந்த குழாயை எடுத்தாக. நான் குலசாமியைக் கும்பிட்டு அழுதேன். அன்னைக்கு அந்தச் சின்ன டாக்டரு என்னைக் கூப்பிட்டுச் சொன்னாரு, "அம்மா, தொண்டையில ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு வயித்துக்கு, ஒண்ணு நுரையீரலுக்கு. ஐயாவுக்கு இப்ப விழுங்குற சக்தி இல்லை, இருமித் தள்ளுற சக்தியும் இல்லை. குடுக்கிறது வழி மாறி நுரையீரலுக்குப் போயிரும். வாய் வழியா ஒண்ணும் குடுத்துறாதீங்க." தலையை ஆட்டிக்கிட்டேன். கட்டிலுக்கு மேலயும் எழுதி மாட்டி வச்சாக. அங்க ஒரு சிஸ்டரு, பரமக்குடிப் பொண்ணு, அதுவும் போறப்ப வர்றப்பெல்லாம் "வாயில ஒண்ணும் வேண்டாம்மா"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். சரி, ஒண்ணும் குடுக்கலை. இட்லி குடுத்தேனா, கஞ்சி குடுத்தேனா? ஒரு பருக்கை குடுத்திருப்பேனா?

ஆனா அவுக தண்ணி கேட்டாக தாயி.

சத்தம் வரலை. உதட்டை அசைச்சு, "தண்ணி". எனக்குத் தெரியாதா, எத்தனை வருசம் கூடப் படுத்து எந்திரிச்சவ. அந்தச் சிஸ்டரு பஞ்சை நனைச்சு உதட்டுல ஒரு தொடு தொட்டுட்டுப் போகும், பொட்டு வைக்கிற மாதிரி. அது காணுமா? அடுப்பு வெக்கையில நின்ன உடம்பு, செம்பு செம்பாக் குடிக்கிற ஆளு. நாக்கு மரப்பட்டை மாதிரி கிடக்கு. எதிரியா இருந்தாலும் கேட்டா நாம தண்ணி குடுப்போமில்ல? தண்ணியைப் போயி சாப்பாட்டுக் கணக்குல யாராவது சேர்ப்பாகளா?

சிஸ்டரு அங்கிட்டுத் திரும்புச்சு. பாட்டில் மூடியில ஊத்தி, கடைவாயில விட்டேன்.

உடனே புரையேறிருச்சு. கண்ணு பிதுங்கி, முகமெல்லாம் செவந்துபோயி, ஒரு இருமல். பெருசா இருமக்கூடத் தெம்பு இல்லை, உள்ளுக்குள்ளயே கெக்கெக்குன்னு. நான் என்ன செய்யணுமோ அதைச் செஞ்சேன். உச்சந்தலையில தட்டணும், கட்டு இருக்கே, அதனால நெத்தியில மெதுவாத் தட்டி, "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை, யாரோ நினைக்கிறாக"ன்னேன். வாயில தன்னால வர்றதுதானே அது. நம்ம வீட்டுல யாருக்குப் புரையேறினாலும் அப்படித்தானே சொல்லுவோம்?

அவுக என்னைப் பார்த்தாக. யாருன்னு கேக்குற மாதிரியே பார்த்தாக.

எனக்கு அப்பத்தான் பொறி தட்டுன மாதிரி இருந்துச்சு. இவுகளை நினைக்க உலகத்துல வேற யாரு இருக்கா? ஆத்தா அப்பன் இல்லை, கூடப் பிறந்தவுக இல்லை. பக்கத்துல நான் இருக்கேன், நான் நினைச்சு எதுக்குப் புரையேறணும்? காதுகிட்டக் குனிஞ்சு சொன்னேன், "அரிசி நினைக்கிறா."

சொன்னதுதான். பொல பொலன்னு கண்ணுல தண்ணி. ரெண்டு கன்னத்துலயும் வழியுது. இத்தனை வருசமா அந்தப் பேரைச் சொன்னா எந்திரிச்சுப் போயிருவாக தாயி. இப்பப் போகலை. படுத்துக்கிட்டு அழுறாக. என் முந்தானையால தொடைச்சேன். உன்கிட்டச் சொல்ல எனக்கென்ன வெக்கம், கல்யாணம் ஆன நாள்ல இருந்து அன்னைக்கு மாதிரி நான் சந்தோசப்பட்டதே இல்லை.

அதுக்கப்புறம் காலையில உள்ள விடும்போதும் குடுத்தேன், சாயங்காலம் விடும்போதும் குடுத்தேன். ஒரு மூடிதான். ஒவ்வொரு மூடிக்கும் புரையேறும். நெத்தியில தட்டி, "அரிசி நினைக்கிறா, உங்க அரிசிதான் நினைக்கிறா"ம்பேன். ஒவ்வொரு தடவையும் அழுவாக. எனக்கு நல்லாத் தெரிஞ்சுபோச்சு. சொல்லாமலே அந்தப் பிள்ளைக்கு அப்பனுக்கு முடியலைன்னு மனசுல தட்டியிருக்கு. அங்க அவ நினைக்கிறா, இங்க இவுகளுக்குத் தெரியுது. நான் போனும் பண்ணலை, பேச்சையும் மீறலை. அப்பனும் மகளும் அவங்களாவே ராசியாயிட்டாக. ஒரு தடவை வாயைத் திறக்க மாட்டேன்னு பல்லைக் கடிச்சாக. விடுவேனா? "மக கூப்பிடுறா, மொகத்தைத் திருப்பாதீக"ன்னு சொல்லி, தாடையைப் பிடிச்சுத் தண்ணியை விட்டேன்.

அப்புறம்தான் அந்தப் பாழாப் போன காய்ச்சல் வந்துச்சு.

உடம்பு கொதிக்குது. மூச்சு விடையில நெஞ்சுக்குள்ள உலை கொதிக்கிற சத்தம். ஒரே நாள்ல என்னைத் தெரியாமப் போயிருச்சு. நிமோனியான்னாரு டாக்டரு. நுரையீரல்ல சளி கட்டிருச்சாம். இந்த மாதிரிக் கிடக்கிறவங்களுக்கு இதுதான் எமன், மண்டை ஆப்பரேசன்ல பிழைச்சவங்க இதுல போயிருவாங்கன்னு மூஞ்சிக்கு நேராச் சொன்னாரு. சளி ஏன் பிடிக்காது? இப்படி ஏசியைப் போட்டு ஐஸ் பெட்டி மாதிரி வச்சிருந்தா? போர்த்தியிருக்கிறது ஒரு துணி. அதையும் அந்தப் பொண்ணு விலக்கி விலக்கி ஈரத்துணியால உடம்பு தொடைக்கும். நான் சண்டை போட்டேன். "ஏசியை அமத்து, ஈரத்துணியைப் போடாத, நீங்கதான் அவுகளைக் கொல்லுறீக"ன்னு கத்துனேன். அந்தப் பிள்ளை அழுதுருச்சு. அழட்டும்னு விட்டேன்.

டாக்டரு என்னைத் தனியாக் கூப்பிட்டு, "வாயில ஏதாவது குடுத்தீங்களாம்மா?"ன்னு கேட்டாரு. என் பிள்ளை மேல சத்தியமா ஒண்ணும் குடுக்கலைன்னேன். பொய்யா தாயி அது? நான் என்ன சோத்தையா குடுத்தேன்?

திரும்ப வாயில குழாய். திரும்ப மெஷின். இனி எனக்கு எந்தப் பேச்சும் வேண்டாம்னு அன்னைக்குத்தான் மகளுக்கு போனைப் போட்டேன். "அரிசி, அப்பா போயிருவாக போல இருக்கு"ன்னேன்.  விடிஞ்சதும் வந்து நிக்கிறா, தலைகூடச் சீவலை. என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டு, கண்ணைத் தொடைக்கக்கூட இல்லை, கேட்டா, "அம்மா, அப்பா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாராம்மா?"

அந்த நிமிசத்துக்காகத்தானே நான் காத்துக்கிட்டு இருந்தேன். சொன்னேன், எல்லாத்தையும் சொன்னேன். "நீ நினைக்கிறப்பெல்லாம் அப்பாவுக்குத் தெரிஞ்சுச்சுடி. புரையேறும். உன் பேரைச் சொன்னா கண்ணுல தண்ணியாக் கொட்டும்."

அவ முழிச்சா. "நான் நினைக்கிறப்பவா? எனக்கு விசயமே தெரியாதேம்மா. எப்பப் புரையேறும்?"

"தண்ணி குடுக்கையிலதான்."

"என்ன தண்ணி?"

"குடிக்கிற தண்ணிதான்டி. ஒரு மூடி, கேட்டாகன்னு குடுத்தேன்."

"எத்தனை தடவைம்மா?"

"நான் உள்ள போறப்பெல்லாம்தான். நீதான் போறப்பெல்லாம் நினைச்சியே."

அவ மூஞ்சியைப் பார்க்கணுமே நீ. ரத்தமே இல்லை. அங்க, அந்தத் தூண்கிட்ட அப்படியே தரையில உக்காந்துட்டா. கையை வாய்க்குள்ள குடுத்துக் கடிச்சுக்கிட்டு இருந்தா. எனக்குப் பயமாப் போச்சு. என்னடீ, என்னடீன்னு உலுக்கினேன்.  அப்புறம் எந்திரிச்சு வந்து என் மூஞ்சியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, "ஆமாம்மா. நான்தாம்மா நினைச்சேன்"ன்னா.

பார்த்தியா? அவளே ஒத்துக்கிட்டா. முதல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இல்லைன்னா, அப்புறம் ஒத்துக்கிட்டா. பாசத்தை மறைக்க முடியுமா?

ஆனா அதுக்கப்புறம் அவ ஆளே மாறிட்டா தாயி. டாக்டரோட போயி என்னமோ பேசுனா. அவரு கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமா இருந்து என்னைப் பார்த்துட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. பாஸை வாங்கிக்கிட்டா. என் பையில இருந்த தண்ணி பாட்டிலையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டா, எனக்கே தாகம் எடுத்தா அவகிட்டத்தான் கேக்கணும். அந்தப் பரமக்குடிப் பொண்ணுகிட்டப் போயி என் சார்பா மன்னிப்புக் கேக்குறா. ஆஸ்பத்திரிக்காரங்களோட சேர்ந்துக்கிட்டா.

மருந்து பிடிச்சு, சளி குறைஞ்சு, நேத்துத்தான் குழாயைத் திரும்ப எடுத்தாக. பிழைச்சுட்டாகன்னு நினைச்சேன். "இன்னொரு தடவை நுரையீரல்ல இறங்குச்சுன்னா தாங்க மாட்டாரும்மா"ன்னு டாக்டரு சொல்லிட்டாரு. அதுக்குத்தான் பயந்து கிடக்கேன். அந்த ஏசி இன்னும் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?

இவ உள்ள போயிட்டு வந்து சொல்றா, அப்பா கண்ணு முழிச்சு என்னைப் பார்த்தாரு, கையைப் பிடிச்சாரு, உதட்டை அசைச்சாருன்னு. என்னடி சொன்னாகன்னேன். "அரிசின்னாரா, தண்ணின்னாரா, தெரியலைம்மா"ன்னு சொல்லிட்டு அழுறா. தண்ணியாத்தான்டி இருக்கும், குடுத்தியாடின்னேன். குடுக்கலையாம். குடுக்க மாட்டாளாம். நெஞ்சு வெடிக்குது தாயி எனக்கு. இவ கையால ஒரு வாய்த் தண்ணி வேண்டாம்னு சொன்ன மனுசன், இன்னைக்கு இவகிட்டயே தண்ணி கேட்டுக் கிடக்காக. இவ குடுக்க மாட்டேங்கிறா. அன்னைக்குச் சொன்னதை மனசுல வச்சுக்கிட்டுப் பழி வாங்குறாளோ? அப்படியும் சொல்ல முடியலை. பாத்ரூமுக்குள்ள போயி குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுறா, எனக்குக் கேக்குது.

நான் உள்ள போனா என்னடின்னு காலையிலகூடக் கேட்டேன். என் தலையைத் தடவி, "நீ இங்கேயே இருந்து அப்பாவை நினைச்சுக்கிட்டு இரும்மா. அது போதும்"ங்கிறா. நினைக்காம? வேற என்ன வேலை எனக்கு? சோறு இறங்கலை, தூக்கம் வரலை, நினைச்சுக்கிட்டேதான் உக்காந்திருக்கேன். ஆனா இவ உள்ள போயிட்டு வர்றப்பெல்லாம் கேக்குறேன், அப்பாவுக்குப் புரையேறுச்சாடின்னு. "இல்லைம்மா, ஏறவே இல்லை"ன்னு சந்தோசமாச் சொல்றா.  அப்ப நான் நினைக்கிறது அவுகளுக்குப் போயிச் சேரலையா? மக நினைச்சா சேருது, கட்டுனவ நினைச்சாச் சேராதா? என்னை மறந்துட்டாகளோ? விட்டுட்டு ஓடிட்டான்னு நினைக்கிறாகளோ? பைத்தியம் பிடிச்சிரும் போல இருக்கு தாயி.

இந்தா, செக்யூரிட்டி கூப்பிடுறான். உன் வீட்டுக்காரரு பேருதானே? எந்திரி, எந்திரி, லேட்டானா கதவை மூடிருவான். என் மக அங்கிட்டுத் திரும்பி போன்ல பேசிக்கிட்டு நிக்கிறா, இங்க பார்க்க மாட்டா. உன் கையில இருக்கிறது தண்ணி பாட்டில்தானே? நல்லதாப் போச்சு. உனக்கு அடுத்த கட்டிலு, மறந்துறாத, எண்ணெய்த் தழும்பு. அந்தப் பொண்ணு அங்கிட்டுப் போகட்டும். ஒரே ஒரு மூடி. கடைவாயில விடு. உனக்குக் கோடிப் புண்ணியம்.

புரையேறும். பயந்துறாத, ஏறுனாத்தான் நல்லது. நெத்தியில மெதுவாத் தட்டி, காதுகிட்டக் குனிஞ்சு, வெளியில உங்க குருவம்மா நினைக்கிறான்னு மட்டும் சொல்லு. அவுக கண்ணுல தண்ணி வருதான்னு பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லு.

போ தாயி, சீக்கிரம் போ. நான் இங்கேயே உக்காந்து நினைச்சுக்கிட்டே இருக்கேன்.